அம்மை நோயை வென்ற எட்வர்டு ஜென்னர்

மக்களினத்தைப் பன்னெடுங்காலம் வாட்டி வதைத்த நோய்களுள் பெரியம்மை தலையாயது. வைசூரி என்றும் அதனை வழங்குவர். அரசன் என்றும் ஆண்டி என்றும், முதியோர் என்றும் குழந்தை என்றும் அந்நோய் வேறுபாடு கருதியதில்லை. கடுமையான பெரியம்மைக்கு ஆளானோர் 10 பேரில் ஏறத்தாழ 3 பேர் மாண்டனர். பிழைத்தோருள் பலர் முகமெல்லாம் வடுவுடன் வாழ்ந்தனர்; கண்ணொளி இழந்தோரும் பலர். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாக் கண்டத்தில் மட்டும் ஆண்டுதோறும் 4,00,000 மக்கள் இந்நோய்க்கு இரையாயினர் என மதிப்பிடுவர். நம் தமிழ்நாட்டிலும் பெரியம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகி, மாரியம்மனை வேண்டி, உறவினர் கண்ணீரோடு காத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

இன்று உலகில் எந்த நாட்டிலும் பெரியம்மை இல்லை. மனித முயற்சியால் மண்ணிலிருந்து அடியோடு அகற்றப்பட்ட முதல் தொற்றுநோய் அதுவே. இவ்வரிய வெற்றிக்கு அடிகோலியவர் பெரிய நகரில் புகழோடு விளங்கிய பேராசிரியர் அல்லர். குதிரைமீது ஊர்ஊராகச் சென்று நோயாளிகளைக் கண்டுவந்த நாட்டுப்புற மருத்துவர் ஒருவர். அவரே எட்வர்டு ஜென்னர்.

ஜென்னர் 1749ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், இங்கிலாந்தில் குளஸ்டர்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த பெர்க்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். நம் நாட்டில் திருவில்லிபுத்தூர் வட்டாரம் பால்கோவாவுக்குப் பெயர் பெற்றிருப்பது போல, அவர் பிறந்த நாட்டுப்பகுதி பாலாடைக் கட்டிக்குப் பெயர் பெற்றது. பசும்புல் வெளிகளும் கறவை மாடுகளும் நிறைந்த இடம் அது. அங்கு வாழ்ந்தோருக்கு மாடுகளே செல்வம். மாட்டுத் தொழுவமே பாதி வாழ்க்கை. பின்னாளில் உலகைக் காத்த உண்மை, அத்தகைய தொழுவம் ஒன்றிலிருந்துதான் அவருக்குக் கிடைத்தது.

தந்தையார் அவ்வூர்க் கிறித்தவக் கோயிலின் குருவாக இருந்தார். ஜென்னருக்கு ஐந்து வயது நிரம்பியபோது தாயும் தந்தையும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். மூத்த தமையனாரே அவரை வளர்த்தார். எட்டு வயதில் அவருக்கு மற்றொரு துன்பம் நேர்ந்தது. அக்காலத்தில் பெரியம்மை வாராது தடுக்க ஒரு முறை கையாளப்பட்டு வந்தது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து சிறிது சீழை எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி அதில் தடவுவர். அவருக்கு நோய் சற்றே கண்டு நீங்கும். பின்னர் அவரை அது அணுகாது. ஆசிய நாடுகளில் நெடுங்காலமாக வழங்கிய இம்முறை, 1721ஆம் ஆண்டில் துருக்கி நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. ஆனால், அது இருபுறமும் கூருள்ள வாள் போன்றது. குத்திக்கொண்டோருள் சிலர் அந்நோயாலேயே இறந்தனர். அவர்களிடமிருந்து நோய் பிறருக்கும் பரவியது. சிறுவன் ஜென்னருக்கு இம்முறைப்படி அம்மை குத்தினர். அதற்கு முன் குருதியை வடித்தனர், உணவைக் குறைத்தனர், பின்னர் மற்றச் சிறுவர்களோடு ஒரு கொட்டிலில் அடைத்து வைத்தனர். உயிர் பிழைத்தாரேனும் அந்த அச்சம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

மருத்துவம் பயில விரும்பிய ஜென்னர், இளமையிலேயே லட்லோ என்னும் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பால் கறக்கும் பெண் ஒருத்தி தனக்குப் பசு அம்மை வந்து போயிற்று என்றும், ஆகவே பெரியம்மை இனித் தன்னை அண்டாது என்றும் சொன்னதை அவர் அங்குக் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அந்நிகழ்ச்சி நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அத்தகைய நம்பிக்கை அந்நாட்டு உழவரிடையே பரவியிருந்தது என்பது உறுதி.

தம் இருபத்தொன்றாம் வயதில், 1770ஆம் ஆண்டு, ஜென்னர் இலண்டன் நகருக்குச் சென்றார். அங்குச் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் ஹண்டர் என்னும் புகழ் வாய்ந்த அறுவை மருத்துவருக்கு மாணவரானார். எதனையும் வெறும் ஊகத்தால் முடிவு செய்யாது செய்து பார்த்தே தெளிய வேண்டும் என்பது ஹண்டரின் கொள்கை. அக்கொள்கையை ஜென்னர் தம் வாழ்நாள் முழுதும் பற்றிநின்றார். கடலோடியான கேப்டன் குக் தம் முதற்பயணத்தில் கொண்டு வந்த உயிரினத் தொகுதிகளை வகைப்படுத்தும் பணியும் அவருக்குக் கிடைத்தது. குக்கின் அடுத்த பயணத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பும் வந்தது. ஆனால் அதனை ஏற்காமல் ஜென்னர் தம் ஊருக்கே திரும்பி, மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

அவர் எத்துணைக் கூர்மையாக உற்று நோக்குபவர் என்பதைக் குயிலைப் பற்றிய ஆராய்ச்சி காட்டும். நம் நாட்டுக் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதை நாம் அறிவோம். இங்கிலாந்தின் குயிலினப் பறவையும் அவ்வாறே சிறு பறவைகளின் கூடுகளில் முட்டையிடும். பின்னர் அக்கூட்டிலிருந்த மற்றக் குஞ்சுகள் மறைந்து விடும். அவற்றைத் தாய்ப் பறவையே தள்ளிவிடுகிறது எனப் பலரும் எண்ணியிருந்தனர். ஜென்னர் பொறுமையோடு காத்திருந்து பார்த்தார். கண் திறவாத குயிற்குஞ்சே தன் முதுகில் உள்ள பள்ளத்தில் மற்றக் குஞ்சுகளைத் தாங்கி வெளியே தள்ளுவதையும், பன்னிரண்டு நாட்களுக்குப் பின் அப்பள்ளம் மறைந்து போவதையும் கண்டறிந்தார். இக்கட்டுரைக்காக 1789ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. எனினும் பலர் அச்செய்தியை நம்பவில்லை. 20ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட நிழற்படங்களே அவர் கண்டது உண்மை என உறுதிப்படுத்தின.

குயிலின் கூட்டை நோக்கிய அதே கண்கள் பசுவின் மடியையும் நோக்கின. பசுவின் மடியில் சில வேளைகளில் கொப்புளங்கள் தோன்றும். பால் கறப்போர் கைகளிலும் அவை தொற்றும். சில நாட்களில் ஆறிவிடும். இவ்வாறு பசு அம்மை கண்டவர்களைப் பெரியம்மை தாக்குவதில்லை என்று உழவர் கூறினர். ஜென்னர் இதனைத் தம்முடன் தொழில் புரிந்த மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். அவர்களோ நகைத்தனர். பசு அம்மை வந்த பின்னும் பெரியம்மையால் துன்புற்றவர்களைத் தாங்களே பார்த்திருப்பதாகக் கூறி, உழவர் கூற்று வீண் பேச்சு எனத் தள்ளினர்.

வேறொருவராயின் இம்மறுப்போடு முயற்சியைக் கைவிட்டிருப்பார். ஜென்னர் கைவிடவில்லை. உழவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மருத்துவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அங்ஙனமாயின் இரண்டுக்கும் இடையே நாம் அறியாத ஒன்று மறைந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். தொழுவம் தொழுவமாகச் சென்று மாடுகளைப் பார்த்தார். பால் கறப்போரை உசாவி, அவர்கள் கண்ட நோயின் வரலாற்றைக் குறித்துக் கொண்டார். பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. முடிவில் உண்மை புலப்பட்டது. மடியில் தோன்றும் பலவகைக் கொப்புளங்களையும் மக்கள் பசு அம்மை என்ற ஒரே பெயரால் அழைத்து வந்தனர். அவற்றுள் ஒன்றே மெய்யான பசு அம்மை, ஏனையவை போலிகள். மெய்யான அம்மையில் கொப்புளங்கள் நீலம் பாய்ந்திருக்கும். சுற்றிலும் தோல் சிவந்து வீங்கும். பசு சோர்வுற்றுப் பால் குறையும். போலிக் கொப்புளங்களில் நீல நிறம் இராது. அவை பெருந்துன்பம் தாராமல் விரைவில் காய்ந்து விடும். மெய்யான அம்மை கண்டவரே பெரியம்மையிலிருந்து காக்கப்பட்டனர். போலி அம்மை கண்டவருக்கு அக்காப்பு இல்லை.

மற்றோர் உண்மையும் அவருக்கு விளங்கியது. மெய்யான கொப்புளமாயினும் உரிய நாளில் அதிலிருந்து நீரை எடுக்க வேண்டும். நாள் கடந்து முற்றிச் சீழ் பிடித்த கொப்புளத்து நீர் பயன் தாராது. ஆகவே, உழவரும் பொய் சொல்லவில்லை. மருத்துவரும் பொய் சொல்லவில்லை. இரு வேறு நோய்களை ஒன்றெனக் கொண்டதே குழப்பத்திற்குக் காரணம். நோயைச் சரியாக இனங்கண்டறிதலே மருந்து காண்பதற்கு முதற்படி என்னும் பேருண்மை இங்குப் புலனாகிறது.

உண்மையை மெய்ப்பித்துக் காட்டும் நாள் 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் வந்தது. சாரா நெல்ம்ஸ் என்ற பால் கறக்கும் பெண்ணின் கையில் மெய்யான பசு அம்மைக் கொப்புளம் இருந்தது. அதிலிருந்து எடுத்த நீரை, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் இரு சிறு கீறல்கள் இட்டு ஜென்னர் செலுத்தினார். ஏழாம் நாள் சிறுவனுக்கு அக்குளில் சிறிது வலி கண்டது. ஒன்பதாம் நாள் குளிரும் தலைவலியும் தோன்றின. உணவில் விருப்பம் குறைந்தது. மறுநாளே அவன் நலமுற்றான். பசு அம்மை மனிதரிடமிருந்து மனிதருக்கு இவ்வாறு செலுத்தக் கூடியது என்பது தெளிவாயிற்று.

ஆனால், பெரியம்மையை அது தடுக்குமா என்பதே வினா. ஜூலை முதல் நாள் ஜென்னர் அச்சிறுவன் கையில் பெரியம்மைச் சீழையே செலுத்தினார். அவ்வாறு குத்துவது அக்காலத்து வழக்கமே எனினும், இன்றைய மருத்துவ அறம் ஒரு குழந்தையிடம் இத்தகைய சோதனைக்கு இடந்தராது. அந்நாட்களில் ஜென்னரின் உள்ளம் எவ்வாறு துடித்திருக்கும் என நாம் எண்ணிப் பார்க்கலாம். நாட்கள் சென்றன. நோய் தோன்றவில்லை. சில மாதங்களுக்குப் பின் மீண்டும் குத்திப் பார்த்தார். அப்பொழுதும் பெரியம்மை அச்சிறுவனை அணுகவில்லை.

ஜென்னர் தம் ஆராய்ச்சியை அரச கழகத்திற்கு எழுதினார். ஒரு சிறுவனிடம் கண்ட சான்று போதாதெனக் கழகம் அதனை ஏற்கவில்லை. அவர் சினங்கொள்ளவில்லை, மேலும் சான்றுகளைத் தேடினார். ஆனால் அவ்வட்டாரத்து மாடுகளிடையே பசு அம்மை மறைந்து போயிற்று. 1798ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் தோன்றும்வரை காத்திருக்க நேர்ந்தது. இம்முறை அவர் ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தைக்கும், அதிலிருந்து மற்றொரு குழந்தைக்குமாகத் தொடர்ச்சியாகக் குத்திப் பார்த்தார். தொடர் நீண்ட போதும் அதன் ஆற்றல் குறையவில்லை. பசு கிட்டாத இடத்திலும் கைக்குக் கை இந்தக் காப்பை வழங்கலாம் என்பது இதனால் புலப்பட்டது. அவ்வாண்டிலேயே 23 பேரின் நோய் வரலாறுகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார்.

ஜென்னருக்கு முன்பே இம்முறையைக் கையாண்டவர் இல்லாமல் இல்லை. 1774ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் உழவர், தம் மனைவிக்கும் இரு புதல்வர்க்கும் பசு அம்மையைக் கீறிச் செலுத்தியிருந்தார். ஆனால், அவர் தம் குடும்பத்தைக் காத்ததோடு நின்றார். ஜென்னர் அதனைச் சோதித்து, மெய்யைப் போலியினின்று பிரித்து, உலகமே கைக்கொள்ளும் முறையாக வகுத்துத் தந்தார்.

நூல் வெளிவந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. விலங்கின் நோயை மனிதனுக்குச் செலுத்துதல் தகாது என்றனர் சிலர். அம்மை குத்திக்கொண்டோர் உடலில் மாடுகள் முளைப்பது போலக் கேலிப்படம் வரைந்தனர் சிலர். இவற்றினும் பெரிய இடையூறு வேறொன்றால் நேர்ந்தது. இலண்டனில் பெரியம்மை மருத்துவமனையை நடத்திவந்த உட்வில் என்ற மருத்துவர் 1799ஆம் ஆண்டில் பலருக்குப் பசு அம்மை குத்தினார். அவருள் பலருக்கு உடலெங்கும் கொப்புளங்கள் தோன்றின. ஜென்னரின் முறை பயனற்றது என்ற பேச்சு எழுந்தது. பெரியம்மை நோயாளிகள் நிறைந்த இடத்தில் பசு அம்மையோடு பெரியம்மையும் கலந்துவிட்டது என்பதை ஜென்னர் உணர்ந்து எடுத்துக்காட்டினார். எதைக் குத்துகிறோம் என்பதை ஐயமறத் தெரிந்து குத்த வேண்டும் என்ற அவர் வற்புறுத்தலின் பொருள் அப்பொழுது பலருக்கும் விளங்கியது.

மெல்ல மெல்ல எதிர்ப்பு அடங்கியது. ஸ்பெயின் நாட்டு மன்னர், 1803ஆம் ஆண்டில் 22 அனாதைச் சிறுவர்களைக் கப்பலில் அனுப்பி, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றிக் குத்தச் செய்து, அம்மைப்பாலை அமெரிக்கக் கண்டத்திற்கு அனுப்பினார். இந்தியாவுக்கு அது வந்த வழியும் வியப்புக்குரியது. கப்பலில் நேரே அனுப்பிய அம்மைப்பால் வெப்பத்தால் கெட்டது. எனவே, வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாது, பஸ்ரா என நகர் நகராகக் கடந்து, முடிவில் பம்பாயை அடைந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் அந்நகரில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மை குத்தப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் சென்னையிலும் கல்கத்தாவிலும் அப்பணி தொடங்கிற்று.

தமிழ் மக்கள் இப்புதுமுறையை எளிதில் ஏற்கவில்லை. பெரியம்மையைத் தெய்வத்தின் விளையாட்டாகக் கருதிய மக்களுக்கு அது இயல்பே. சென்னையில் அரசாங்கப் பணிபுரிந்த தமிழறிஞர் எல்லிஸ், தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவது போலப் பசு அம்மையின் பெருமையைக் கூறும் உரைநடை நூல் ஒன்றைத் தமிழில் இயற்றினார். ஆவினால் உலகிற்குக் கிடைக்கும் நலங்களுள் இதுவும் ஒன்று என்று மக்கள் உணர வேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்னர் இந்தியாவில் வாழ்ந்தோர் திரட்டிய 7,000 பவுனுக்கும் மேற்பட்ட தொகை ஜென்னருக்கு நன்றிக் காணிக்கையாகச் சென்றது. அதில் சென்னையின் பங்கும் இருந்தது.

ஜென்னர் விரும்பியிருந்தால் தம் முறையை மறைத்து வைத்துப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ கேட்டவர்க்கெல்லாம் அதனை எடுத்துரைத்தார்; அம்மைப்பாலை அனுப்பி வைத்தார். கடிதங்கள் எழுதுவதிலேயே அவர் பொழுதெல்லாம் கழிந்தது. தொழிலும் வருவாயும் குன்றின. இதனை உணர்ந்த பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1802இல் 10,000 பவுனும், 1807இல் 20,000 பவுனும் வழங்கியது. இங்கிலாந்தோடு போர் புரிந்த நெப்போலியனும் ஜென்னரின் வேண்டுகோளுக்கு இணங்கி ஆங்கிலக் கைதிகள் சிலரை விடுவித்தார். இத்துணைச் சிறப்புப் பெற்றும் அவர் தலைநகரில் தங்கவில்லை. பெர்க்லியில் தம் தோட்டத்துக் குடில் ஒன்றில் ஏழை மக்களுக்கு இலவசமாக அம்மை குத்தி வந்தார். தம் சோதனைக்கு ஆளான ஜேம்ஸ் பிப்ஸுக்கு வாடகையின்றிக் குடியிருக்க ஒரு வீடு அளித்தார். மூத்த மகனும் மனைவியும் காசநோயால் இறந்த துயரைத் தாங்கி வாழ்ந்த அவர், 1823ஆம் ஆண்டு சனவரி மாதம் 26ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பெரியம்மை எதனால் உண்டாகிறது என்பதை ஜென்னர் அறிந்தாரில்லை. அது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் விளைவது. அத்தகைய கிருமிகள் இருப்பதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது. பசு அம்மையின் வைரஸும் பெரியம்மையின் வைரஸும் ஓரினத்தைச் சேர்ந்தவை. முன்னதை எதிர்த்துப் பழகிய உடல், பின்னதையும் எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகிறது. ஒருமுறை குத்தினால் வாழ்நாள் முழுதும் காப்புண்டு என்று ஜென்னர் கருதியது சரியன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் குத்த வேண்டும் எனப் பின்னர் வந்தோர் கண்டனர். ஆயினும், அவர் இட்ட அடிப்படை அசையவில்லை. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்த வாக்சின் என்ற பெயரை எல்லாத் தடுப்பு மருந்துகளுக்கும் உரியதாக்கி, லூயி பாஸ்டர் அவருக்குப் பெருமை செய்தார்.

ஜென்னர் தொடங்கிய பணியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1899இல் நிறுவப்பெற்ற சென்னைக் கிண்டி கிங் நிலையம் நெடுங்காலம் அம்மைப்பாலை உண்டாக்கி வழங்கிற்று. 1960ஆம் ஆண்டுகளில் சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ஆர். இராவ் ஏறத்தாழ 7,000 பெரியம்மை நோயாளிகளை ஆராய்ந்தார். கொப்புளங்களின் தன்மையைக் கொண்டு பெரியம்மையை வகைகளாகப் பிரித்து, எவ்வகை எத்துணைக் கொடியது என அவர் காட்டிய முறையை உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்டது. மெய்யையும் போலியையும் பிரித்தறிந்த ஜென்னரின் வழி, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நம் தலைநகரில் இவ்வாறு தொடர்ந்தது.

இறுதிப் போரிலும் நோயை இனங்காணும் அறிவே வெற்றி தேடித் தந்தது. பெரியம்மையையும் சின்னம்மையையும் மக்கள் எளிதில் மயங்கிக் கொள்வர். பெரியம்மைக் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் மிகுதியாகத் தோன்றும். உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் காணும். ஓரிடத்தில் உள்ளவையெல்லாம் ஒரே பருவத்தில் முற்றும். சின்னம்மைக் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் மிகுந்து, சில புதிதாகவும் சில காய்ந்தும் கலந்து நிற்கும். பணியாளர்கள் பெரியம்மைக் குழந்தையின் படத்தைக் கையில் ஏந்தி, நாடெங்கும் வீடு வீடாகச் சென்று தேடினர். நோய் கண்ட இடத்தில் சுற்றியிருந்தோர்க்கெல்லாம் அம்மை குத்தினர். 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. இவ்வாறு ஒருநாள் நிகழும் என 1801ஆம் ஆண்டிலேயே ஜென்னர் எழுதியிருந்தார்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியோரின் கைகளில் வட்டமான தழும்பு ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பல அம்மை குத்தியதால் வந்தவை. எளிய உழவரின் சொல்லை இகழாமல் செவிமடுத்து, அதனை அப்படியே நம்பியும் விடாமல் ஆராய்ந்து, மெய் எது, போலி எது எனத் தெளிந்த ஒரு மருத்துவரின் பொறுமை அத்தழும்பில் பொறிக்கப்பட்டுள்ளது. கேட்பதும், ஐயுறுவதும், சோதித்துத் தெளிவதும், தெளிந்ததைப் பிறர்க்கு ஒளியாது வழங்குவதும் அறிவியலின் அறங்கள். அவ்வறங்களைக் கைக்கொண்டோர் வாழ்ந்ததனால்தான் பெரியம்மை என்னும் சொல் இன்று நூல்களில் மட்டும் எஞ்சி நிற்கிறது.